நான் வாசிக்காமல் விட்ட பாதி

என் மகனுக்கு,

போன மாதம் நீ தொலைபேசியில் கேட்ட ஒரு கேள்விக்கு நான் பொய் சொன்னேன். "அம்மா, மற்றப் பாதியையும் வாசிச்சனீங்களோ?" என்றுதான் நீ கேட்டாய். சத்தம் போடவில்லை, கோபிக்கவும் இல்லை. "ஓமப்பா, எல்லாம் வாசிச்சனான். சனம் தங்களுக்கு வேண்டியதை மட்டும் பிடிச்சுக்கொண்டுது" என்று பழியைத் தூக்கி ஊர் தலையில் போட்டேன். நீ நம்பினாயோ இல்லையோ தெரியாது. "சரி, சாப்பிட்டீங்களோ?" என்று கதையை மாற்றினாய். தொலைபேசியை வைத்த பிறகு குசினிக்குள் போய் அடுப்படியில் எதற்கு வந்தேன் என்று தெரியாமல் நின்றேன். மற்றப் பாதியை நான் வாசிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. ஒரு பிரதியை மீனவர் சங்கச் செயலாளர் செல்வராசாவிடம் கொடுக்கப் போகிறேன். யார் கேட்டாலும் வாசிக்கக் கொடுக்கச் சொல்வேன். ஊர் கூடியிருக்கச் செய்த பிழைக்கு மூடிய உறைக்குள் மன்னிப்புக் கேட்பது எனக்கு இன்னொரு களவாகப் படுகிறது. அதனால் உனக்கு நன்றாகத் தெரிந்ததைக்கூட விளக்கி எழுதுவேன். அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று நினைக்காதே, மறதி வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உன் வேலையை இந்த ஊருக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை வைத்தியர், எதிர்வீட்டுப் பிள்ளை கணக்காளர், ஒரு சொல்லோடு அந்தத் தாய்மாரின் வேலை முடிந்துவிடும். என்னைக் கேட்டால் நான் பிரசங்கம் வைக்க வேண்டும். "லண்டன் பாராளுமன்றத்தில வேலை" என்பேன். "அப்ப எம்பியோ?" "இல்லை." "எம்பிக்குக் கீழயோ?" "ஒரு எம்பிக்கு இல்லை, எல்லாருக்கும்." "பேச்சு எழுதிக் குடுக்கிறவரோ?" "அதுவும் இல்லை." இதற்குள் கேட்டவருக்கு அலுத்துவிடும். பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவோ, வீட்டு வாடகையோ, ஆற்று வெள்ளமோ, எது விவாதத்துக்கு வந்தாலும் உறுப்பினர்கள் சபைக்குள் போகுமுன் வாசிக்க உன் அலுவலகத்தில் நீங்கள் ஓர் ஆய்வுக் குறிப்பு எழுதிக் கொடுக்கிறீர்கள். இப்போதுள்ள சட்டம் என்ன, அரசாங்கம் என்ன சொல்கிறது, எதிர்ப்பவர்கள் என்ன சொல்கிறார்கள், எதற்கு ஆதாரம் உண்டு, எதற்கு இல்லை என்று வரிசையாக வரும். உன் கருத்துக்கு அதில் இடமில்லை. எந்தக் கட்சிக்காரர் கேட்டாலும் ஒரே பதில். ஒருமுறை ஒரே விவாதத்தில் எதிரெதிர்க் கட்சிக்காரர் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் மடக்குவதற்கு உன்னுடைய அதே குறிப்பை எடுத்துப் பேசினார்கள் என்று சொல்லி அப்படிச் சந்தோசப்பட்டாய். "அப்ப ஆர் வெண்டது?" என்று நான் கேட்டேன். நீ சிரித்தாய். உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு படித்து, அவ்வளவு பெரிய இடத்தில் இருந்துகொண்டு, யாருடைய பக்கமும் நிற்காத ஒரு வேலையா என்று மனதுக்குள் நினைத்தேன்.

அதை நினைக்க எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. நான் வாழ்நாள் முழுக்கச் செய்ததும் அந்த வேலைதானே. திருகோணமலை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக நின்று, சாட்சி தமிழில் சொன்னதை நீதவானுக்குச் சிங்களத்திலும், சட்டத்தரணி கேட்டதைச் சாட்சிக்குத் தமிழிலும் சொல்லிச் சொல்லித்தான் உன்னைப் படிப்பித்தேன். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. உன் அப்பா துறைமுகத்தில் நடந்ததைச் சாப்பாட்டு மேசையில் கொஞ்சம் ஊதிப் பெருப்பித்துச் சொல்வார். கப்பல் ஒருசுற்றுப் பெரிதாகும், அவர் அதிகாரிக்குச் சொன்ன பதில் இருமடங்கு காரமாகும். நான் விடமாட்டேன். "நேற்று வேற மாதிரிச் சொன்னீங்கள்" என்பேன். "இஞ்சயும் கோர்ட்டோ?" என்று கேட்டுவிட்டுப் பாவம், கதையைப் பாதியில் விட்டுவிட்டுச் சோற்றைப் பிசைவார். அவர் இருந்திருந்தால் இப்போது என்னைக் கேட்க அவருக்கு நிறைய இருக்கும்.

உனக்கு நினைவிருக்கும், நீ உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது பின்தெரு அன்னம்மா எங்கள் வீட்டுக்கு வந்து முற்றத்தில் நின்று என்னை ஏசினது. எல்லை வேலி வழக்கில் அவ சொன்ன ஒரு பதில் அவவுக்கே பாதகமாகப் போய்விட்டது. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தா. அந்தப் பார்வை எதற்கென்று எனக்கு விளங்கியது. இருந்தும் சொன்னதைச் சொன்னபடி சொன்னேன். "ஒரு சொல்லை மாத்தியிருந்தா உமக்கு என்ன குறைஞ்சிருக்கும்?" என்று அழுதுகொண்டு கேட்டா. அவ போன பிறகு நீயும் அதையே கேட்டாய், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. "இண்டைக்கு நான் அவவுக்காக ஒண்டை மாத்தினா, நாளைக்கு நான் சொல்லுற எதையும் நீதவான் நம்பேலாது. பிறகு உண்மை சொல்லுற சனத்துக்கு ஆர் வாய்?" என்று சொன்னேன். அந்த வசனத்தைத்தான் நீ லண்டனில் வேலைக்கான நேர்முகத் தேர்வில் சொன்னதாகப் பிறகு எழுதினாய். என் அம்மாவிடம் படித்தது என்று சொன்னாயாம். இப்போது அதை நினைத்தால் எனக்கு உன் முகத்தைப் பார்க்கவே ஏலாமல் இருக்கிறது. நல்லவேளை, தொலைபேசியில் முகம் தெரியாமல் கதைக்கிற பழக்கத்தை நான் இன்னும் விடவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். சாம்பல்தீவுக்குப் போகும் வழியில் செல்வராசாவின் ஆட்கள் படகு இழுத்து வைக்கிற சிறிய கரையை ஓர் அரச திணைக்களம் களஞ்சியம் கட்டவென்று கேட்டது. பதிலுக்கு இன்னும் வடக்கே வேறொரு கரையும், வலை வைக்க ஒரு கொட்டிலும் தருவதாகச் சொன்னார்கள். அந்தக் கரை ஒடுக்கம், தூரமும்கூட. ஆனாலும் படகு விடலாம். சங்கத்தில் பாதிப் பேருக்கு மேல் சம்மதிக்கிற மனநிலையில்தான் இருந்தார்கள். அந்த நேரத்தில்தான் லண்டன் பாராளுமன்றத்தில் நம் கிழக்குக் கரையோரக் காணிகள் பற்றி ஒரு விவாதம் வரப்போவதாகவும், அதற்கான குறிப்பை எழுதியவர்களில் நீயும் ஒருவன் என்றும் சொன்னாய். அது எல்லோரும் பார்க்கக்கூடியதாக இணையத்தில் இருந்தது. நான் அதை அச்செடுத்து, உன் பெயர் இருந்த பக்கத்தை மேலே வைத்து, சந்தையில் கண்ட செல்வராசாவுக்குக் காட்டினேன். அவர் கேட்கவில்லை. நானாகத்தான் காட்டினேன்.

"அக்கா, இதை ஒருக்கா வந்து எங்கட ஆக்களுக்கு வாசிச்சுக் காட்டேலாதோ?" என்று அவர் கேட்டார். போனேன். தகரக் கூரைக் கட்டிடத்துக்குள் துணி விரித்த கதிரை போட்டு, சோடா உடைத்துத் தந்தார்கள். நீதிமன்றத்தில் ஒருநாளும் எனக்கு யாரும் கதிரை போட்டதில்லை. குறிப்பில் நம் கரைகளைப் பற்றி மூன்று பந்திகள் இருந்தன. முதலாவது, கரையை இழப்பதால் தொழில் அழிகிறது என்று மீனவர் அமைப்புகள் சொல்கின்றன என்பது. இரண்டாவது, மாற்றிடம் கொடுக்கப்படுகிறது, அபிவிருத்திக்குக் காணி தேவை என்று இலங்கை அரசாங்கம் சொல்கிறது என்பது. மூன்றாவது, இது இலங்கைக்குள் கதைத்துத் தீர்க்க வேண்டிய விடயம் என்று பிரித்தானிய அரசாங்கம் பதில் சொல்லியிருக்கிறது என்பது. நான் முதலாவதைத் தமிழில் சொன்னேன். நன்றாகச் சொன்னேன். பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். தங்களுடைய சொந்த வார்த்தைகள் லண்டன் வரைக்கும் போய் அச்சில் திரும்பி வந்திருக்கின்றன என்று நினைத்தபோது அந்த முகங்கள் இருந்த இருப்பை நீ பார்க்கவில்லை. இரண்டாவது பந்திக்கு என் கண் போனது. அப்போது செல்வராசா கேட்டார்: "அப்ப இது பாராளுமன்றமே சொல்லுறதோ, அக்கா?"

நான் "ஓம்" என்றேன். கடதாசியை மடித்தேன்.

இந்த ஊரில் லண்டன் என்ற சொல்லுக்கு என்ன பாரம் என்று உனக்குத் தெரியும். இந்தத் துறைமுகத்தை வைத்திருந்தவர்கள் அவர்கள், போய் எவ்வளவு காலமானாலும் அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் கொழும்பு கேட்கும் என்று இன்னும் நம்புகிற ஆட்கள் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் மாற்றிடம் வேண்டாம் என்று கை உயர்த்தினார்கள். கொஞ்ச நாளில் பழைய கரைக்கு வேலி வந்தது. வடக்குக் கரை வேறொரு சங்கத்துக்குப் போனது. இவர்கள் தூரத்தில் இறக்கக்கண்டியில் தெரிந்தவர்களின் கரையில் படகுகளை விட்டு, விடியுமுன் என்ஜின்களை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு அவ்வளவு தூரம் போய் வந்தார்கள். அதுவும் வாடைக்காற்று தொடங்கும் வரைக்கும்தான். பிறகு கடல் ஏறிக் கரை ஒடுங்கிவிடும், அங்கே உள்ளவர்களின் படகுகளுக்கே இடம் போதாது. இவ்வளவுக்கும் பிறகு அவர்கள் என்ன செய்தார்கள்? உன் அலுவலகத்துக்கு நன்றிக் கடிதம் எழுதினார்கள். எங்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னதற்கு நன்றி என்று. அதை நீ உன் மேலதிகாரியிடம் காட்ட வேண்டி வந்தது. "இனி இலங்கை விசயம் என்ர கையில இல்லை அம்மா, வேற ஆக்கள் பாப்பினம்" என்று ஏதோ பாரம் குறைந்த மாதிரிச் சொன்னாய். உன்னை நான் பெற்றவள். உன் குரலில் பாரம் குறைந்ததா கூடினதா என்று எனக்குத் தெரியாதா?

அப்படியிருந்தும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். உனக்குப் பொய் சொன்ன மறுநாள் செல்வராசா வந்தார். வடக்குக் கரைச் சங்கம் இவர்களுக்கும் இடம் பகிர்ந்து தர முன்வந்திருக்கிறதாம், வாடை தொடங்க முதல் வந்து கையெழுத்து வைத்தால் போதுமாம். எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கின மாதிரி இருந்தது. நான் எதுவும் சொல்லாமலே எல்லாம் சரியாகிவிடப் போகிறது என்று நினைத்தேன். "எப்ப வைக்கப் போறீங்கள்?" என்று கேட்டேன்.

"நாங்கள் வேண்டாம் எண்டிட்டம் அக்கா" என்றார். "லண்டனில தம்பி எங்களுக்காக எழுதிப்போட்டு நிக்கேக்க நாங்கள் இஞ்ச கையெழுத்து வைச்சா அவருக்கெல்லோ மரியாதைக் குறைவு. தம்பிக்குச் சொல்லுங்கோ, நாங்கள் பொறுத்திருக்கிறம் எண்டு."

உனக்காக, மகனே. நீ கேட்காத, நீ அறியாத ஒரு மரியாதைக்காக அவர்கள் கடைசி இடத்தையும் வேண்டாம் என்றிருக்கிறார்கள். நான் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். நான் சீனியை இரண்டு தரம் போட்டதைப் பார்த்து, "பிறசர் பாத்தனீங்களோ அக்கா?" என்று வேறு கேட்டார். அவர் வேலிப் படலை வரைக்கும் போன பிறகுதான் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூட்டுங்கள், நான் வாசிக்க வேண்டியது இன்னும் இருக்கிறது என்று சொன்னேன். சந்தோசமாகத் தலையாட்டினார். இன்னும் நல்ல செய்தி என்று நினைத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை கதிரையில் இருக்கவில்லை. நின்றேன். முதலில், அன்றைக்கு நான் உங்களுக்குப் பிழையாகச் சொன்னேன் என்று சொன்னேன். பிறகு ஒவ்வொரு வசனமாக ஆங்கிலத்தில் வாசித்து, அதையே தமிழில் சொன்னேன், மூன்று பந்தியையும். முடிந்த பிறகு யாரும் எழும்பவில்லை. "அப்ப தம்பி எங்களுக்காக எழுதேல்லையோ?" என்று செல்வராசா கேட்டார். "இல்லை. உங்களுக்கு எதிராயும் எழுதேல்லை. எல்லாரும் சொன்னதை எழுதினவர். நான்தான் மிச்சத்தை மறைச்சனான்" என்றேன். செல்வராசாவின் மனைவி மலர்தான் பதில் சொன்னா. "அண்டைக்கே முழுக்க வாசிச்சிருந்தா உங்களோட கோவிச்சிருப்பம் அக்கா. கொஞ்ச நாள் முகம் குடுத்துக் கதைச்சிருக்கமாட்டம். ஆனா கையெழுத்து வைச்சிருப்பம்." கத்திச் சொல்லவில்லை. மீன் விலை சொல்கிற குரலில்தான் சொன்னா. எனக்கு அந்த இடத்திலேயே இருந்து அழ வேண்டும் போலிருந்தது. அழுதால் அவர்கள் என்னைத் தேற்ற வேண்டி வரும் என்பதால் அழவில்லை.

மறுநாளே வடக்குக் கரைக்குப் போனார்கள். கேட்டவுடன் வேண்டாம் என்றதால் அங்கே கொஞ்ச இடத்தை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். இவர்களின் படகுகளில் பாதிக்குத்தான் இப்போது இடம் இருக்கிறது. யாருக்கு என்று தீர்மானிக்கிற வேலை செயலாளருக்கு வந்தது. செல்வராசா சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களின் படகுகளை எழுதிக் கொடுத்தார், தன்னுடையதை எழுதவில்லை. அது அவருடைய வீட்டு வேலிக்குள் கவிழ்த்தபடி கிடக்கிறது. அவர் இப்போது வேறொருவரின் படகில் கூலிக்குப் போகிறார். என்னை வழியில் கண்டால் முன்னைப் போலவே நின்று கதைக்கிறார், நான்தான் சந்தைக்குச் சுற்றுவழியால் போகிறேன்.

ஏன் செய்தேன் என்று நீ கேட்கமாட்டாய். இருந்தாலும் சொல்கிறேன். அந்தச் சனத்தின் மேல் இரக்கம் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் இரக்கம் இருந்திருந்தால் அடுத்த நாளே போய்த் திருத்தியிருப்பேன். மற்றவர்களின் சொல்லையே சுமந்து வயது போன எனக்கு, ஒருநாளாவது என் வாயிலிருந்து வருவதைச் சனம் வாய்பார்த்துக் கேட்க வேண்டும் என்று ஆசை இருந்திருக்கிறது. என் மகன் யார் என்ற கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் வேண்டும் என்றும் இருந்திருக்கிறது. அந்த "ஓம்" என்ற ஒரு சொல் எனக்கு அவ்வளவு இனித்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் காரணம்.

தை மாதம் உனக்கும் துளசிக்கும் கல்யாணம். தாய் மகனுக்குப் புத்தி சொல்ல வேண்டிய நேரம். சொல்ல வாய் கூசுகிறது. ஒன்றே ஒன்று மட்டும். வீட்டுக்குள்ளும் பாதியை மட்டும் சொல்கிற பழக்கம் வரும். அவள் கவலைப்படக் கூடாது என்று மறைப்பாய், அவள் உன்னை மெச்ச வேண்டும் என்றும் மறைப்பாய். இரண்டும் அந்த நேரத்தில் ஒரே மாதிரித்தான் தெரியும். துளசி வரட்டும், முழுக்கக் கேட்டு உன்னோடு கோபிக்கட்டும். கோபித்தவர்களோடு திரும்பக் கதைக்கலாம். இன்னொன்று, கல்யாணத்துக்கு வரும்போது செல்வராசாவின் ஆட்களுக்கு ஏதாவது செய்துகொடுக்க உன் மனம் துடிக்கும். யாரிடமும் ஒரு வார்த்தை போட்டுவைக்காதே. அவர்களுக்கு என்னால் வந்த கேடு போதும், உன் வேலைக்கும் அது ஆகாது. போய்ப் பார், இருந்து கதை, அவர்கள் சொல்வதைக் கேள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தை உன் மேலதிகாரியிடம் கொடு. நீ ஊரில் ஆட்களைத் தூண்டிவிடவில்லை, நீ எழுதியது நேராகத்தான் இருந்தது என்று அவர் அறிய வேண்டும். அவருக்குத் தமிழ் தெரியாது. நீதான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதும்போது உன் கை தயங்கும் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு வயது போய்விட்டது, தெரியாமல் செய்துவிட்டா என்று ஒரு வரி சேர்க்கப் பார்ப்பாய். சேர்க்காதே, மகனே. தெரிந்துதான் செய்தேன்.

உன் அம்மா